புரண்டு படுத்தால் தலைசுற்றல்: ஸ்கேனுக்கு ஓடும் முன்...

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. ஒரு மாதமாகப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே வீடு சுற்றுகிறது என்கிறார். அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மெடிக்கல் ஷாப் மாத்திரைக்குக் கேட்கவில்லை. தெரிந்தவர் ஒருவர், "மூளையில் கட்டியாக இருக்கும், மதுரையில் ஸ்கேன் எடுக்கலாம், வண்டியும் நானே பேசுகிறேன்" என்கிறார். போகலாமா? (வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: இப்போதைக்கு வண்டி வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மூளைக் கட்டியை அல்ல, வலது உள்காதைக் காட்டுகின்றன.

ஒவ்வொரு உள்காதிலும் நீர் நிரம்பிய 3 அரைவட்டக் குழல்கள் உண்டு. அவற்றின் அடியில் ஒரு பை. அதில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். வயதாக ஆக அவை உதிர்ந்து, பெரும்பாலும் பின்பக்கக் குழலில் விழும். புரளும்போது துகள் நகர்ந்து நீரையும் இழுக்கும். உடனே அந்தக் காதின் நரம்பு, 'தலை சுழல்கிறது' என்று மூளைத்தண்டுக்குப் பொய்த் தகவல் அனுப்பும். அங்கிருந்து கண் தசைகளுக்கு நேரடி இணைப்பு இருப்பதால் விழி துடிக்கும், அறை சுற்றும். வாந்தி வருவதும் அந்த மூளைத்தண்டின் வேலைதான். பித்தம் என்று எலுமிச்சை பிழிந்து கொடுத்து என்ன பயன்?

மாத்திரை துகளை நகர்த்தாது. தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின், சின்னாரிசின் இரண்டில் எதை மாதக்கணக்கில் விழுங்கினாலும் வயதானவர்களுக்குக் கைநடுக்கம் வரலாம். ஸ்கேனிலும் இந்தத் துகள் தெரியாது. ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குக் கமிஷன் உண்டா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வேண்டியது, துகளைக் குழலிலிருந்து பைக்கே திருப்பும் எப்ளி பயிற்சி. உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே மல்லாந்து சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்க வேண்டும். சுற்றல் நின்றபின் இன்னும் அரை நிமிடம். பிறகு தலையை இடப்பக்கம் 90 டிகிரி, அதே காத்திருப்பு. அடுத்து உடலோடு இடப்பக்கம் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்க வேண்டும். கடைசியில் மெதுவாக எழுந்து உட்காரலாம். அவசரப்பட்டு இடையில் எழுந்தாலும், எந்தக் காது என்று பார்க்காமல் செய்தாலும் பலிக்காது. முதல் முறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செய்யுங்கள், ராமநாதபுரமே போதும். கட்டிலும் இரண்டு கையும் இருந்தால் நடக்கும் வைத்தியம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டியது! அங்கேயும் மாத்திரைச் சீட்டுதான்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நிற்கவே முடியாமை, திடீர்ச் செவிடு, புதுத் தலைவலி: இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரி.

இதைப் படித்துவிட்டுக் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிப்பவர்கள் இந்தப் பயிற்சியில் இறங்க வேண்டாம். முங்கி எழுந்ததும் சுற்றினால் காரணம் வேறாக இருக்கலாம். காது அடைத்திருக்கும்போது மூக்கைப் பிடித்து முக்கி ஊதினால், உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்து நீர் கசியலாம்; இரைச்சலும் காது மந்தமும் கூடவே வரும். கம்ப்ரஸர் குழாயில் மூச்சுவிட்டு ஆழத்தில் வெகுநேரம் இருந்தவருக்கு உள்காதில் காற்றுக் குமிழும் சேரலாம், அது அவசரம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால், குளிர்ந்த நீர் ஒரு காதில் மட்டும் புகுந்தாலே கடலடியில் திசை தப்பும். யாராக இருந்தாலும் மூக்கைச் சிந்தாமல், பாரம் தூக்காமல், அன்றே காதைக் காட்டுங்கள். மருத்துவர் சொல்லும்வரை கடலில் இறங்காதீர்கள்.