பழைய காசுகளில் எழுத்து ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் அது போலியா?

கேட்டிருப்பது இது: காரைக்குடியில் ஆயா வீட்டுப் பெட்டகத்தில் கொஞ்சம் அம்மன் காசும், 1862 என்று ஆண்டு போட்ட விக்டோரியா வெள்ளி ரூபாய்களும் கிடைத்தன. ஒரே காசு என்றாலும் எழுத்து ஒன்றில் தடித்தும், ஒன்றில் மெலிந்தும், ஒன்றில் பாதி காணாமலும் இருக்கிறது. இதில் எது போலி?

எழுத்து மாறியிருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் போலி என்று ஒதுக்காதீர்கள். காசு பிறந்த அச்சு, அதாவது எழுத்தும் உருவமும் வெட்டிய உலோகக் கட்டை, தேய்ந்திருக்கலாம், அச்சையே வேறு மாதிரி வெட்டியிருக்கலாம், இல்லையென்றால் காசு கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கலாம். மூன்றும் விட்டுப்போகும் தடயம் வேறு வேறு.

அம்மன் காசு நம்ம பக்கத்துக் காசு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். செட்டிநாட்டில் ராயவரம், கடியாபட்டி போன்ற ஊர்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தவை. அந்தச் சமஸ்தானத்தின் செப்புக் காசு இது. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள்; தொலைந்த பொருள் கிடைக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்கள் வெல்லம் வைத்து வேண்டிக்கொள்ளும் அரைக்காசு அம்மன் அவள்தான். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'.

பழைய அம்மன் காசு கையால் அடித்தது. செம்புத் துண்டை அச்சின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். துண்டு அச்சைவிடச் சின்னதாக இருந்தாலோ சற்று விலகி உட்கார்ந்தாலோ 'வி' மட்டும் விழும், 'ஜய' வெளியே போய்விடும். ஒவ்வொரு அச்சையும் ஆசாரி தனித்தனியே கையால் வெட்டியதால் எழுத்தின் வளைவும் அச்சுக்கு அச்சு மாறும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடித்து வரவழைத்தார்கள். அவை வட்டம் பிசகாமல் இருக்கும், எழுத்தும் முழுசாக இருக்கும். உங்களிடம் இரண்டு வகையும் கலந்து கிடக்கிறது என்றால் அதுவே பாதி விடை.

இனி ரூபாய்க்கு வருவோம். இயந்திர அச்சில் எழுத்து பள்ளமாக இருக்கும். காசில் அது மேடாக எழும்பும். அடி விழும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் ஒவ்வொரு அடியிலும் அச்சை உரசிக்கொண்டே போவதால், விளிம்பை ஒட்டியிருக்கும் எழுத்துகள்தான் முதலில் அடிபடும். பள்ளத்தின் கரை மழுங்கி அகலும். காசில் எழுத்து தடித்து, விளிம்புப் பக்கமாக இழுத்து விட்டது போலத் தெரியும்.

லென்ஸ் இருந்தால் 'விக்டோரியா குயீன்' என்ற ஆங்கில எழுத்துகளில், குயீனில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு 'ஈ'-யைப் பாருங்கள். புது அச்சில் அடித்த காசில் மூன்று குறுக்குக் கோடுகளுக்கும் நடுவே இடைவெளி சுத்தமாக இருக்கும், மூலைகள் கத்தி மாதிரி நிற்கும். தேய்ந்த அச்சில் அடித்ததில் இடைவெளி சுருங்கி, எழுத்தின் அடி விளிம்பை நோக்கிப் பரந்திருக்கும். சுற்றியுள்ள வெற்றிடத்தில் விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய வரிகளும் தெரியும். ஜன்னலோரம் காசைச் சாய்த்துப் பிடித்தால் இது நன்றாகக் கண்ணில் படும்.

மெலிந்த எழுத்து இதற்கு நேர் எதிர். கீறலோ அழுக்கோ விழுந்த அச்சின் முகத்தைத் தேய்த்து மெருகேற்றி மறுபடி ஓட்டுவது உண்டு. எழுத்துப் பள்ளம் மேலே அகன்றும் உள்ளே போகப் போகக் குறுகியும் இருப்பது. மேல்பரப்பைத் தேய்த்துவிட்டால் மிஞ்சுவது அந்தக் குறுகின பகுதிதான். அதனால் எழுத்து ஒல்லியாகும், ஆழம் குறைந்த கோடு அடியோடு மறையும். ஒரே ஒரு எழுத்து மட்டும் காணவில்லை, மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்கிறது என்றால் அச்சின் அந்தப் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் தூளும் அடைத்திருக்கும்.

புழக்கத்தில் தேய்ந்த காசு இப்படி இருக்காது. அதில் மேடான இடம்தான் முதலில் போகும்: ராணியின் கன்னம், முடி, அப்புறம் எழுத்தின் தலை. எடையும் குறையும். ரூபாயின் எடை 11.66 கிராம். எழுத்து மழுங்கியும் எடை சரியாக இருந்தால் குற்றம் அச்சில். எழுத்து மழுங்கி, பரப்பெல்லாம் பொடிப்பொடிக் குழி இருந்து, எடையும் ஒத்துவராவிட்டால் அப்போது போலியைச் சந்தேகப்படுங்கள். வார்ப்பில் செய்த போலி அப்படித்தான் இருக்கும்.

அச்சையே மாற்றியது தனிக் கதை. அச்சுத் தேய்வு கொஞ்சம் கொஞ்சமாக வருவது. வடிவ மாற்றம் ஒரே நாளில் வருவது. 1840 ரூபாயில் ஒரு வகையில் ராணியின் பெயர் தலைக்கு மேல் தொடர்ச்சியாக ஓடும், இன்னொன்றில் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். இரண்டும் அசல். 1877 முதல் 'குயீன்' போய் 'எம்பிரஸ்' வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1957-இல் 'நயா பைசா' என்று அடித்ததில் 1964-இல் 'நயா'-வை எடுத்தார்கள்.

உங்கள் 1862-க்கு வருகிறேன். அந்த ஆண்டை மாற்றாமலே பத்தாண்டுக்கு மேல் ரூபாய் அடித்தார்கள். 1874-இல்தான் உண்மையான ஆண்டைப் போடத் தொடங்கினார்கள். அத்தனை காலத்தில் எத்தனையோ அச்சு மாறியிருக்கும், அதனால் எழுத்து ஒத்துப்போகாததில் ஆச்சரியமே இல்லை. ஆண்டின் கீழே சின்னப் புள்ளிகள் இருந்தால் அதை அச்சின் பழுது என்று நினைக்காதீர்கள். வேண்டுமென்றே வைத்த புள்ளிகள் அவை. சேகரிப்பவர்கள் அவற்றை எண்ணித்தான் வகை பிரிக்கிறார்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் கடைகளுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். தடித்த எழுத்தைக் காட்டி 'எரர் காசு', அதாவது அடிக்கும்போது பிழை நேர்ந்த அபூர்வக் காசு, என்று யாராவது விலை ஏற்றினால் வாங்காதீர்கள், நீங்களும் அப்படிச் சொல்லி விற்காதீர்கள். தேய்ந்த அச்சில் அடித்த காசு எங்கும் கிடைக்கும். புள்ளியும் வடிவ வகையும்தான் விலையை மாற்றும்.

அம்மன் காசை மட்டும் தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள். பித்தளைப் பாத்திரத்துக்குச் சரி. காசில் எழுத்தின் கரையைப் புளி அரித்துவிட்டால் அச்சு தேய்ந்ததா காசு தேய்ந்ததா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. வெந்நீர்கூட வேண்டாம், மெல்லிய துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும்.