ராண்டம் இருக்கிறது, ராண்ட்இன்ட் இல்லையாம்!

கேள்வி: பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்டிருக்கிறேன். பகடை உருட்டும் நிரலில் முதல் வரியிலேயே இம்போர்ட் ராண்டம் என்று போட்டு, தற்செயல் எண்கள் தரும் ராண்டம் மாட்யூலை (தயார் நிரல் தொகுப்பை) அழைத்தும், அந்த மாட்யூலில் ராண்ட்இன்ட் என்ற கட்டளை இல்லை என்று பிழை வருகிறது. பைத்தானை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தும் பார்த்துவிட்டேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஃபைலின் பெயர் ராண்டம்.பிஒய் என்று இருக்கிறதே, சிக்கல் அதில்தான். இம்போர்ட் என்றதும் பைத்தான் முதலில் உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டரில் தேடும், அப்புறம்தான் தன்னோடு வந்த நூலகத்துக்குப் போகும். அதனால் நீங்கள் எழுதிய ஃபைலையே மாட்யூல் என்று எடுத்துக்கொள்கிறது, அதில் ராண்ட்இன்ட் எங்கே இருக்கும்? பகடை_ஆட்டம்.பிஒய் என்று பெயரை மாற்றுங்கள், ஓடும். டர்ட்டில் என்ற மாட்யூலைக் கொண்டு படம் வரையும்போதும் இப்படித்தான், ஃபைலுக்கு டர்ட்டில் என்று பெயர் வைத்துவிடாதீர்கள். 2024-ல் வந்த 3.13 பதிப்பில், ஃபைலின் பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பிழைச் செய்தியே சொல்லிவிடுகிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு இது பெரிய உதவி, முடிந்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

இன்னொன்று: ராண்ட்இன்ட்(1, 6) என்றால் 6 என்ற எண்ணும் விழும். அதே மாட்யூலில் உள்ள ராண்ட்ரேஞ்ச்(1, 6) போட்டால் 5-க்கு மேல் வரவே வராது.