ஜோன் சரியாகத்தான் இருக்கிறது, அப்புறம் ஏன் அனுமதி வரவில்லை? (கேள்வி பதில்)

"மனை வாங்கும்போது ஜோன் (நில உபயோக வகை) மட்டும் பார்த்தால் போதாது, மேலடுக்கையும் பார்க்க வேண்டும்" என்று போன வாரம் ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் வரிசையாகக் கேள்விகள். இருபத்திரண்டு வருடமாகத் திட்ட அனுமதிக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், சர்வே எண் போட்டிருந்தவற்றிலிருந்து எண்ணை எடுத்துவிட்டேன்.

மேடம், குடியிருப்பு ஜோன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? நீங்கள் சொன்ன "மேலடுக்கு" என்றால் என்ன?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கணினி வரைபடம் எல்லாம் கிடையாது. மேசையில் கிராம வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் பேப்பர் வெயிட் வைத்து, அதன் மேல் டிரேசிங் தாளை ஒட்டுவோம். முதல் தாளில் மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம் என்று நில உபயோகம் இருக்கும். அதற்கு மேல் இன்னொரு தாளில் கடலிலிருந்து ஒரு கோடு, அதற்கும் மேல் விமான நிலையத்துக்கு ஒரு கோடு. அடியில் இருக்கும் நிறம் மாறாது. ஆனால் மேலே விழுகிற ஒவ்வொரு கோட்டுக்கும் தனிச் சட்டம், தனி அலுவலகம், தனி என்ஓசி (தடையின்மைச் சான்று). மேலடுக்கு என்று நான் சொன்னது இந்த மேல் தாள்களைத்தான்.

2008-ல் வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. அடியில் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று வழக்கமான ஜோன்கள். மேலே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, தென் கடற்கரையில் நிலத்தடி நீர் ஊறும் பகுதி, ஜார்ஜ் டவுன் போன்ற தொடர் கட்டடப் பகுதிகள் என்று தனித்தனி விதிகள். ஒரு மனை மேல் இரண்டு மூன்று அடுக்கு விழுந்தால் எது கடுமையோ அதுதான் செல்லும். உங்கள் கையில் இருக்கும் கடிதம் அடித்தாளைப் பற்றி மட்டும் பேசுகிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் "ஓவர்லே (மேலடுக்கு) என்றாலே தொல்லைதான், கட்டவே விடமாட்டார்கள்" என்கிறார். அப்படியா?

பாதி சரி. நியூயார்க்கில் புரூக்ளின் ஹைட்ஸ் பகுதியில் பழைய வீடுகளைக் காப்பாற்ற 50 அடி உயர வரம்பு இருக்கிறது, அண்ணன் சொல்வது அந்த ரகம். ஆனால் அதே ஊரில் குடியிருப்பு ஜோனுக்குள் ஓடும் சில தெருக்களுக்கு மட்டும் வணிக ஓவர்லே போட்டிருக்கிறார்கள். அதனால்தான் அங்கே தரைத்தளத்தில் மளிகைக் கடையும் சலூனும் வைக்க முடிகிறது. அது தடுக்கிற அடுக்கு இல்லை, கூடுதலாகக் கொடுக்கிற அடுக்கு.

நம் ஊரிலும் கொடுக்கிற அடுக்கு உண்டு. சௌகார்பேட்டைப் பக்கம் நடந்து பாருங்கள், ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்கும். மனையின் அகலமே பத்துப் பன்னிரண்டு அடிதான். அங்கே போய்ப் பக்கத்துக்கு ஐந்தடி செட்பேக் விடு என்றால் நடுவில் மிஞ்சுகிற இடத்தில் கட்டில் கூடப் போட முடியாது. அதனால் தொடர் கட்டடப் பகுதியில் பக்க இடைவெளி கேட்பதில்லை. அந்த விதி இல்லாவிட்டால் பழைய மெட்ராஸில் பாதி வீடுகளைச் சட்டப்படி திரும்பக் கட்டவே முடியாது.

நீலாங்கரையில் கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் தள்ளி ஒரு மனை பார்த்திருக்கிறோம். அப்ரூவ்டு லேஅவுட், பட்டா, ஈசி (வில்லங்கச் சான்று) எல்லாம் சுத்தம். வங்கிக் கடனும் தருகிறேன் என்கிறார்கள். பயப்படலாமா?

பயப்பட வேண்டாம், ஆனால் அட்வான்ஸைக் கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள். உங்கள் மனை இரண்டு தாளுக்குக் கீழே இருக்கிறது.

முதல் தாள் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், எல்லோரும் சி.ஆர்.இசட். என்று சொல்வது. 1991-ல் முதல் அறிவிக்கை, பிறகு 2011, கடைசியாக 2019. கடல் பொங்கும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இது வரும். அதற்காக 500 மீட்டருக்குள் எதுவுமே கட்டக்கூடாது என்று நினைத்துவிடாதீர்கள், தரகர்களில் பாதிப் பேர் அப்படிச் சொல்லி விலையைக் குறைக்கிறார்கள், மீதிப் பேர் அப்படி ஒன்றே இல்லை என்று சொல்லி விற்கிறார்கள். ஏற்கெனவே வளர்ந்த நகர்ப் பகுதி என்றால் அது இரண்டாம் வகை. அதில் ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலத்தின் பக்கமாக இருந்தால் கட்டலாம், கடல் பக்கம் என்றால் முடியாது. ஆக நீங்கள் கேட்க வேண்டியது "கடல் எத்தனை மீட்டர்" என்பதை மட்டும் இல்லை, "எனக்கும் கடலுக்கும் நடுவில் எந்தச் சாலை, அது எப்போதிலிருந்து இருக்கிறது" என்பதையும்தான். 2011 விதிப்படி இந்த வகையில் தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 1991-ல் இருந்த அளவிலேயே உறைந்து நின்றது. 2019 அறிவிக்கை அந்த உறைவை எடுத்துவிட்டது.

இரண்டாவது தாள் நிலத்தடி நீர் ஊறும் பகுதி. திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலை ஒட்டிப் போகும் மணல் திட்டு மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பெரிய பானை மாதிரி. நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் கீழேயும் பக்கத்திலும். அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல் உள்ளே வந்துவிடும், வந்துவிட்டால் லேசில் திரும்பிப் போகாது. அதனால்தான் அங்கே உயரத்துக்கும் நெருக்கத்துக்கும் தனிக் கட்டுப்பாடு வைத்தார்கள். என்னைக் கேட்டால் சென்னையின் விதிகளிலேயே இதுதான் மிக நியாயமானது. அதிகம் புலம்பலைக் கேட்பதும் இதற்குத்தான்.

கடைசியாக, போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதற்கும் சி.ஆர்.இசட்.டில் தனி விதி இருக்கிறது. வீட்டு அனுமதி வாங்கினால் போர் அனுமதியும் சேர்த்து வந்துவிடாது.

நாங்கள் கோட்டூர்புரம். கடல் எங்கே, நாங்கள் எங்கே? எங்களுக்கும் சி.ஆர்.இசட். என்கிறார்கள், சிரிப்பதா அழுவதா?

கடல் உங்கள் வீட்டுக்கு வரவில்லை, அலை ஆற்றின் வழியாக வருகிறது. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் என்று கடல் நீர் ஏறி இறங்கும் வரைக்கும் கரையோரம் சி.ஆர்.இசட்.தான். எதுவரை ஏறுகிறது என்பதை வறண்ட காலத்தில் தண்ணீரின் உப்பை அளந்து முடிவு செய்கிறார்கள், ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு என்பது வரம்பு. 2011 விதியில் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இதில் எது குறைவோ அது. 2019-ல் அந்த 100 என்பது 50 ஆனது. கரையிலிருந்து டேப் பிடித்துப் பாருங்கள், நீங்கள் வெளியே வந்துவிடலாம். ஆனால் விண்ணப்பத்தோடு உங்கள் டேப்பை ஏற்க மாட்டார்கள், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் வரைந்த கடலோர மண்டல வரைபடம்தான் கணக்கு.

பெரும்பாக்கத்தில் ஃபிளாட் புக் செய்திருக்கிறேன் அக்கா. திட்ட அனுமதி இருக்கிறது. பள்ளிக்கரணை பற்றி தினமும் ஏதோ செய்தி வருகிறது, தூக்கமே இல்லை.

தம்பி, உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே நிலத்துக்கு வேறு வேறு அலுவலகம் வேறு வேறு கோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளிக்கரணையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

முதல் கோடு முழுமைத் திட்டத்தில் இருக்கிறது. பெருங்குடி, சீவரம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என்று கிராமம் கிராமமாகச் சர்வே எண் பட்டியல் போட்டு, இது சதுப்பு நிலம் என்றார்கள். இரண்டாவது கோடு வனத்துறையின் காப்புக்காடு. மூன்றாவது 2022-ல் வந்த ராம்சார் அங்கீகாரம் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அந்தஸ்து), 1,247.54 ஹெக்டேர். இது காப்புக்காட்டைவிடப் பெரியது. அப்படியானால் நடுவில் இருக்கிற நிலம் யாருடையது? அதில் பட்டா நிலமும் உண்டு. சண்டை முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இதற்கு மேல் நாலாவது கோடும் வந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும், தாக்க மண்டலத்தை (சதுப்பு நிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியை) வரையறுத்து முடிக்கும் வரை புதிய அனுமதி தரக்கூடாது என்றது. 1 கிலோமீட்டர் என்பது வட்டமாக இழுத்த கோடு, அதற்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது. முப்பது வருடமாக வீடுகள் நிறைந்த தெருவும் அதற்குள் வரும், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் காலி மனையும் வரும். தற்காலிகக் கோடு அப்படித்தான் இருக்கும். ஒழுங்கான கோட்டை முதலிலேயே போட்டிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது என்பது என் கோபம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் கட்டடம் நிற்கும் சர்வே எண்களை உட்பிரிவோடு எழுதிக்கொள்ளுங்கள். உட்பிரிவு முக்கியம், பட்டியலில் பழைய எண் இருக்கும், உங்கள் பத்திரத்தில் பிரித்த பிறகு வந்த எண் இருக்கும். அனுமதி எந்தத் தேதியில் வந்தது, எந்தெந்த என்ஓசியை நிபந்தனையாகச் சொல்கிறது என்று அனுமதிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள், யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. உத்தரவுகள் மாறிக்கொண்டிருப்பதால் இன்றைய நிலையை ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு அடுத்த தவணையைக் கட்டுங்கள்.

விமான நிலையம் பக்கம் மனை. என்ஓசியில் 45 மீட்டர் என்று வந்திருக்கிறது. 14 மாடி போடலாம்தானே?

போட முடியாது. இந்தத் தவறை நான் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த 45 மீட்டர் உங்கள் தரையிலிருந்து இல்லை, கடல் மட்டத்திலிருந்து. உங்கள் மனையே கடல் மட்டத்துக்கு மேல் 12 மீட்டரில் இருந்தால் கையில் இருப்பது 33 மீட்டர்தான். அந்த 33-க்குள் லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி, பிறகு யாராவது நட்டுவைக்கும் செல்போன் கம்பம் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு கட்டடத்தில் எல்லாம் முடிந்த பிறகு மேல்தொட்டி ஒன்றரை மீட்டர் அதிகம் என்று தெரிந்து, கான்கிரீட் தொட்டியை உடைத்து, பக்கத்தில் தாழ்வாகப் பிளாஸ்டிக் தொட்டிகளை வரிசையாக வைத்தார்கள். இப்போதும் அந்த வழியாகப் போனால் நீல நிறத்தில் தெரியும்.

விவசாய ஜோனைக் குடியிருப்பாக மாற்றித் தருகிறோம் என்று ஒருவர் சொல்கிறார். மாற்றிவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்கிறார். செங்குன்றம் பக்கம்.

நில உபயோக மாற்றம் என்பது உண்மையான நடைமுறைதான், நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அது அடித்தாளின் நிறத்தை மட்டும் மாற்றும். மேல் தாள் அப்படியே இருக்கும். சென்னை குடிக்கிற தண்ணீர் வந்து சேரும் ஏரியின் நீர்ப்பிடிப்பில் உங்கள் நிலம் இருந்தால், ஜோன் மாறியதால் மழைநீர் வேறு பக்கம் ஓடப் போவதில்லை. அந்த ஒருவரிடம் "நீர்ப்பிடிப்புப் பட்டியலில் இந்தச் சர்வே எண் இல்லை என்று எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு போனை எடுக்கிறாரா பாருங்கள்.

சென்னையை விட்டு வெளியே வாங்க. மதுரையில் கோயிலைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு என்கிறார்களே?

இருக்கிறது. 1997-ல் வந்த அரசாணை, மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் கூடாது. ஆவணி மூல வீதியில் வணிக ஜோன் என்றாலும் 9 மீட்டர் 9 மீட்டர்தான். எத்தனை பேர் மதித்தார்கள் என்பது கோபுரத்தைத் தேடி நிமிர்ந்து பார்க்கும் யாருக்கும் தெரியும், உயர் நீதிமன்றக் கிளை வரை வழக்கு போயிருக்கிறது.

மாமல்லபுரத்தில் தாத்தா வீடு, ஓடு ஒழுகுகிறது. தொட்டாலே வழக்கு என்று பயமுறுத்துகிறார்கள்.

2010-ல் திருத்திய தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. சிற்பத்திலிருந்து அளக்கக்கூடாது, பாதுகாக்கப்பட்ட இடத்தின் வேலியிலிருந்து அளக்க வேண்டும். 100-க்குள் புதிதாகக் கட்ட முடியாது, ஆனால் பழுது பார்க்க அனுமதி கேட்கலாம். ஓடு மாற்றுவது பழுது பார்ப்பு. ஓட்டை எடுத்துவிட்டு அதே சாக்கில் ஒரு மாடி ஏற்றுவது பழுது பார்ப்பு இல்லை, அங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள். விண்ணப்பத்தோடு இப்போதைய வீட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

என் பணம், என் பட்டா. கோடு போட்டு மதிப்பைக் குறைத்துவிட்டு நஷ்ட ஈடு தரமாட்டார்களா? இது என்ன நியாயம்?

நியாயமான கோபம். சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. உங்கள் நிலத்தைச் சாலைக்கோ பூங்காவுக்கோ என்று ஒதுக்கி வைத்தால், அதைக் கையகப்படுத்தியாக வேண்டும். ஒதுக்கிவிட்டு மூன்று வருடத்துக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருத நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு இருக்கிறது, பலர் அதை வைத்து ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் "கட்டலாம், இவ்வளவு உயரம் மட்டும்" என்பது ஒழுங்குபடுத்தல், பொதுவாக அதற்குப் பணம் கிடையாது. சில வெளிநாட்டு நகரங்களில் கட்ட முடியாத உயரத்தை வேறு மனைக்கு விற்க விடுகிறார்கள். நம்மிடம் வளர்ச்சி உரிமை மாற்று என்று அந்த ஏற்பாடு இருக்கிறது, பெரும்பாலும் சாலை விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்குத்தான் பயன்படுகிறது. பாரம்பரியக் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு அதைத் தாராளமாகக் கொடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாக இடிப்பது குறையும் என்பது என் கருத்து. அலுவலகங்களில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், தலையாட்டுவார்கள்.

எல்லா அடுக்கையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு இணையதளம் இல்லையா?

இல்லை. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தால் அடி ஜோன் வரும். கடலோரத்துக்குத் தனி வரைபடம், விமான நிலையத்துக்கு நிறம் பிரித்த உயர வரைபடம், சதுப்பு நிலத்துக்கு விதிப் புத்தகத்தின் பின்னிணைப்பு. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிறது, அதிலாவது எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தால் என் தொழில் படுத்துவிடும், சந்தோஷமாக வீட்டில் இருப்பேன்.

மொட்டை மாடியில் தகர ஷெட் போடலாமா மேடம்? பல்லாவரம்.

ஓடுபாதைக்கு நேராக இருக்கிறீர்களா, பக்கவாட்டில் இருக்கிறீர்களா என்று முதலில் சொல்லுங்கள். கூடவே எஃப்.எம்.பி. (மனையின் புல வரைபடம்) நகலும் அனுப்புங்கள், நாளை மாலை பார்க்கிறேன்.