வாழைத்தண்டு எதையும் கரைக்காது

கேள்வி: எனக்கு 46 வயது, எடை 78 கிலோ. சர்க்கரைக்குக் காலையும் இரவும் மாத்திரை சாப்பிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச எடைக் குறைப்பு முகாம் நடந்தது. வாழைத்தண்டு, வெள்ளரிக்காய், வெண்பூசணி இவற்றைச் செரிக்கவே உடம்பு அவை தரும் கலோரியைவிட அதிகம் செலவழிக்குமாம். ராத்திரி இவற்றை மட்டும் சாப்பிட்டு, அவர்கள் தரும் பவுடரையும் குடித்தால் தானாக இளைக்கும் என்றார்கள். நிஜமா? ஆரம்பிக்கலாமா?

பதில்: நிஜம் இல்லை. ‘நெகட்டிவ் கலோரி’ என்று ஊர் ஊராகச் சொல்கிறார்களே, அப்படி ஒரு காய் இன்றுவரை கிடையாது. நீங்களோ சர்க்கரை மாத்திரை போடுகிறவர். கடைசியில் மாத்திரையைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்காமல் இன்று ராத்திரியே ஆரம்பித்துவிடாதீர்கள்.

முதலில் கணக்கு. 200 கிராம் வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 30 கலோரி இருக்கிறது. சாப்பிட்டதைச் செரித்து உள்ளே வாங்கிக்கொள்ள உடம்புக்கும் செலவு உண்டு. மாவுச்சத்துக்கு அது நூற்றுக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு அதிகம் போனால் 3, புரதத்துக்கு 20 முதல் 30. வெள்ளரிக்குத் தாராளமாக மூன்றில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். செலவு 10, மிச்சம் 20. மெல்லுகிற செலவு? ஒரு மணி நேரம் விடாமல் மென்றாலே சுமார் 11 கலோரிதான். வெள்ளரிக்காயைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவோம், அதற்கு இரண்டுகூடத் தேறாது. வெளிநாட்டில் செலரித் தண்டைப் பற்றி இதே கதை ஓடியது. 2019-இல் அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தார் ஒருவகை ஓணானுக்குச் செலரியைக் கொடுத்து அளந்தே பார்த்தார்கள். செரிமானச் செலவும் கழிவும் போக, ஏறக்குறைய கால் பங்கு உடம்பில் தங்கியது. ஓணானுக்கே லாபக் கணக்கு.

அப்படியானால் இந்தக் காய்களால் பலன் இல்லையா? உண்டு. அவை தட்டில் இடத்தை அடைக்கின்றன. நீரும் நாரும் வயிற்றை நிரப்பினால் சோறு குறையும். எடை குறைவது அந்தச் சோற்றால். ஒரு ஆழாக்கு அரிசி சுமார் 140 கிராம், வடித்தாலும் குக்கரில் வைத்தாலும் 490 கலோரிக்குப் பக்கம். அதை அரை ஆழாக்கு ஆக்கினால் ஒரு நாளைக்கு 245 மிச்சம். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்பது வழக்கமான கணக்கு. ஆக, காகிதத்தில் மாதம் ஒரு கிலோ. நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும். ‘பத்து நாளில் ஐந்து கிலோ’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவரிடம் நீட்டுங்கள்.

நம் வீடுகளில் காரியம் கெடுவது வாணலியில்தான். தண்டை வட்டமாக அரிந்து, நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமல் மோர்த் தண்ணீரில் போடுவது வரை எல்லாம் சரியாக நடக்கும். அப்புறம் ஒரு குழிக்கரண்டி எண்ணெய் ஊற்றித் தாளிப்பார்கள். குழிக்கரண்டி 30 மில்லி பிடித்தால் அதுவே 240 கலோரி. இறக்கும்போது தூவுகிற தேங்காய்த் துருவல் 50 கிராம் வந்தால் இன்னொரு 175. இரண்டு பேர் சாப்பிடும் பொரியலில் 415 கலோரி மேலே இருந்து வந்தது, தண்டிலிருந்து வரவில்லை. இப்படிச் செய்யுங்கள்: நார் எடுத்த தண்டு 300 கிராம், ஊறவைத்த பயத்தம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, மஞ்சள் போட்டு மூடி வேகவையுங்கள். டீஸ்பூனால் அளந்த ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். தேங்காய் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். இலையில் இதை முதலில் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் சோற்றுக்கு வாருங்கள். வீட்டு எண்ணெயை மாதக் கணக்கில் பாருங்கள். ஆளுக்கு அரை லிட்டர் போதும். நான்கு பேர் வீட்டில் ஐந்து லிட்டர் கேன் மாதத்துக்குள் காலியாகிறது என்றால் வாழைத்தண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாறாகக் குடிக்காதீர்கள். வடிகட்டும்போது நார் போய்விடுகிறது. வயிற்றை நிரப்புவதே அதுதான். வண்டிக்கடைச் சாற்றில் தேனோ சர்க்கரையோ சேர்ப்பார்கள். சுரைக்காய்ச் சாறு கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது.

இப்போது அந்தப் பவுடர். முகாமில் செருப்பைக் கழற்றி ஏறி நிற்கச் சொல்லும் மெஷின், காலுக்குள் மெல்லிய மின்சாரம் விட்டு அதன் தடையை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தீர்களா, வியர்த்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தே எண் மாறும். ‘உங்கள் உடம்புக்கு 62 வயது’ என்று சொல்வது பயமுறுத்தி டப்பாவைத் தலையில் கட்டுவதற்கு. விற்பவரை ‘கோச்’ என்பார்கள்; அவருக்குக் கீழே நீங்கள் நாலு பேரைச் சேர்த்தால் நீங்களும் கோச். டப்பாவில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். அது தயாரிப்பவர் உரிமம் வாங்கியிருக்கிறார் என்பதற்கு மட்டுமே சாட்சி. இளைக்கும் என்பதை யாரும் சோதித்து அந்த எண்ணைத் தரவில்லை. ‘ஸ்லிம்மிங் டீ’ பலவற்றில் இருப்பது நிலாவாரை. பேதியாகித் தண்ணீர் போகும், தராசு இறங்கும், இரண்டு நாளில் பழையபடி ஏறும். இளைக்கும் பவுடர்களில் சொல்லாமல் கலந்து பிடிபட்ட சிபுட்ரமின் இதயத்துக்கு ஆபத்து என்று 2011-இலேயே இங்கே தடை செய்யப்பட்ட மருந்து. உணவு விளம்பரங்களுக்கு 2018-இல் விதி எழுதினார்கள். எழுதி என்ன? மண்டபத்தில் வாயால் சொல்வதை அது எப்படிப் பிடிக்கும்? புகார் எழுதி, அது மேசை மேசையாக நகர்வதற்குள் முகாம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

இனி மாத்திரை. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அது உதவாது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு இவற்றில் ஒன்று இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ கதை வேறு. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் தண்டும் வெள்ளரியும் சாப்பிட்டுப் படுத்தால், இரண்டு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடக்கும்; சிலர் பேச்சுத் தடுமாறி மயங்கிவிடுவார்கள். எனவே மருத்துவரிடம் போய், ‘இரவில் சோற்றைப் பாதியாக்கப் போகிறேன், அளவை மாற்ற வேண்டுமா?’ என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

அப்படி இரத்தச் சர்க்கரை இறங்கிவிட்டால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு. இதில் ஒரு சிக்கல்: மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை என்றால் மூன்றாவது வோக்லிபோஸாக இருக்கலாம். அது சர்க்கரையை உடைத்துச் செரிக்க விடாது, ஆகவே வீட்டுச் சர்க்கரை உடனே ஏறாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மருந்துக்கடையில் ஒரு டப்பா வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். கிளிமிபிரைடு வகை மாத்திரையில் சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கும். மாத்திரை இப்போது வீடு தேடி வருகிறது, நல்லதுதான். எந்த மாத்திரை போட்டால் பட்டினி கிடக்கக் கூடாது என்று வாசலில் நின்று சொல்ல ஆள்தான் வரவில்லை. அட்டையையும் இந்தப் பக்கத்தையும் அடுத்த முறை கையோடு எடுத்துப் போங்கள்.