‘வெறும் டிரைவர்’ என்று எழுதிய மகனுக்கு

வாசகர் கடிதம்:

என் அப்பா 24 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சுதந்திர தினத்தன்று குடும்பத்தோடு நாகர்கோவிலுக்கு ஒரு போர்ப் படம் பார்க்கப் போனோம். இடைவேளையில் எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. படம் முடிந்து வந்தால் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருக்கிறார். “பட்டாளத்துக்காரருக்கே நாட்டுப்பற்று இல்லையா?” என்று என் மைத்துனர் கேட்டுவிட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. குடியரசு தினத்துக்கு என் மகனின் பள்ளியில் அவரைப் பேச அழைக்கிறார்கள், மாட்டேன் என்கிறார். (அப்பா வெறும் டிரைவர்தான். கார்கில் சமயத்தில் அங்கே லாரி ஓட்டினார். தாத்தா துப்பாக்கிச் சண்டை போட்டார் என்று பையனிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.) அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகர், குலசேகரம்

பதில்:

சம்மதிக்க வைக்கும் வழியை நான் சொல்லப்போவதில்லை. ஆகஸ்டிலும் ஜனவரியிலும் இந்த மாவட்டத்திலிருந்து தவறாமல் வரும் கடிதம்தான் இது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர்கள். உங்கள் கடிதத்தில் புதிதாக இருப்பது அந்த அடைப்புக்குறிதான்.

“வெறும் டிரைவர்தான்.” அந்த ‘வெறும்’ யாருடைய சொல்? அப்பா தன்னைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள்தான் வைத்தீர்கள். வைத்துவிட்டு, அந்தக் குறையை மறைக்க உங்கள் பிள்ளையிடம் பொய்யும் சொன்னீர்கள்.

அந்த லாரியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1999-இல் கார்கிலில் பாகிஸ்தானோடு நடந்த போரில் நம் பீரங்கிப் படை சுட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் 2,50,000-க்கு மேல். போஃபர்ஸ் பீரங்கியின் 155 மி.மீ. குண்டு ஒன்று ஏறத்தாழ 45 கிலோ. அவை மலைமேல் தானாக முளைக்கவில்லை. ஸ்ரீநகரிலிருந்து கிளம்பி, 11,500 அடிக்கு மேல் உயரமான சோஜி லா கணவாயைத் தாண்டி, திராஸ் வழியாக லாரியில்தான் போயின. திராஸுக்கு மேலே நிற்கும் டோலோலிங் மலை ஜூன் 13 வரை எதிரியின் கையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ரோடு கண்ணுக்கு நேரே தெரியும். பார்த்துப் பார்த்துக் குண்டு போட்டார்கள். அதனால் வண்டிகள் இரவில், ஹெட்லைட் இல்லாமல் போக வேண்டியிருந்தது.

ராணுவ லாரியின் பின்னால் குனிந்து பார்த்தால், பின் அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில் வெள்ளைச் சாயம் பூசியிருக்கும். அதன்மேல் வெளிச்சம் விழும்படி ஒரு சின்ன விளக்கு. பின்னால் வருகிறவருக்கு அந்த வெள்ளைதான் வழி. நெருங்கிப் போனால், முன்வண்டி நின்றதும் மோதல். போதாததற்கு ஒரே குண்டு இரண்டு வண்டியையும் கொண்டுபோகும். இடைவெளி கூடினால் வெள்ளை கண்ணை விட்டுப் போய்விடும், அடுத்த வளைவில் பள்ளம். காற்றில் பிராணவாயு குறைவு என்பதால் ஏற்றத்தில் எஞ்சின் இழுக்காது. முழுப் பாரத்தோடு இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கையே நம்பினால் டிரம் காய்ந்து பிரேக் பிடிக்காமல் போகும். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு ரோட்டில் லோடு வண்டி ஓட்டுகிறவரிடம் கேளுங்கள், இதில் பாதியாவது அவருக்குப் புரியும். அவருக்காவது லைட் போட அனுமதி உண்டு.

இதைச் செய்தவர் ‘வெறும்’ டிரைவரா?

இனி படத்துக்கு வருவோம். அவர் ஏன் எழுந்து போனார் என்பது அவருக்குத்தான் தெரியும். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் படங்களில் எது குத்துகிறது என்பது எனக்குத் தெரியும். குண்டு வெடித்தால் படத்தில் தீப்பந்து எழும்பும். அது பெட்ரோல் செலவு. நிஜத்தில் பெரும்பாலும் மண்ணும் கரும்புகையும்தான், ஆளைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத சிதறல். 16,000 அடியில் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டே வசனம் பேச எந்த மனிதனின் நுரையீரலும் இடம் தராது. இரவு முழுக்க ஏறி, விடியும்போது மிச்சமிருக்கும் மூச்சில்தான் சண்டை. இந்தத் தப்புகளையெல்லாம் பலர் பொறுத்துக்கொள்வார்கள். பொறுக்க முடியாதது, சமையல்காரர், சிக்னல்காரர், நர்சிங் அசிஸ்டென்ட், டிரைவர் என்று ஒரு படையையே துடைத்துவிட்டு நாலு பேரை மட்டும் காட்டுவது. கூட வண்டி ஓட்டிச் செத்தவனுக்கு அந்தத் திரையில் ஒரு நொடிகூட இல்லை. அதே வேலையை உங்கள் வீட்டிலும் செய்திருக்கிறீர்கள். படமெடுத்தவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மைத்துனருக்கும் ஒரு சொல். கைதட்டலை வைத்து நாட்டுப்பற்றை அளக்கும் பழக்கம் தியேட்டரில் உட்காருகிறவர்களுக்கு வந்தது. 24 வருடம் பெண்டாட்டி பிள்ளையை விட்டு, வருடத்துக்கு ஒரு லீவில் ஊர் வந்து போனவர் அதற்கு மேல் நிரூபிக்க எதுவும் இல்லை. மைத்துனர் கேட்ட கேள்விக்கு அங்கேயே, அப்பாவின் முன்னாலேயே, நீங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும். மகனுக்கு அது கடமை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

முதலில் பள்ளிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். வீரர் என்று நீங்கள் கட்டிவைத்த வேஷத்தோடு அவரை மேடையேற்றினால், பேரன் முன்னால் ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களைப் பொய்யனாக்க வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றுதான் ‘மாட்டேன்’ என்கிறார் என்று எனக்குப் படுகிறது.

பிறகு பையனைக் கூப்பிட்டு, அப்பா பக்கத்தில் இருக்கும்போதே, “பாட்டா துப்பாக்கிச் சண்டை போட்டார் என்று நான் சொன்னது தப்பு. அவர் ஓட்டிய லாரி போகாவிட்டால் மேலே இருந்தவர்களிடம் சுட குண்டு இருந்திருக்காது” என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வளர்க்காதீர்கள். அழுது மன்னிப்புக் கேட்டு அவரைத் தர்மசங்கடத்தில் தள்ளவும் வேண்டாம்.

அவருடைய டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தப் பிரிவு, எந்த டிரேடு, என்னென்ன பதக்கம் என்று அதில் இருக்கும். கார்கில் காலத்துக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், ஆபரேஷன் விஜய் மெடல் என்று இரண்டு உண்டு. இரண்டும் வேறு வேறு. எது அவருடையது என்று தெரியாத பிள்ளை அவரை மேடைக்கு அழைக்கக் கூடாது. பின்னால் ஒரு நாள் அவராகப் பேச ஒத்துக்கொண்டால், அறிமுக உரையை அந்தப் புத்தகத்திலிருந்து எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டி, அவர் அடித்த வரியை அடித்தே விடுங்கள்.

கேள்வி கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். “எத்தனை பேரைச் சுட்டீங்க?”, “பயமா இருந்துச்சா?” இந்த இரண்டையும் வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. என்ன வண்டி, குளிரில் காலையில் எப்படி ஸ்டார்ட் செய்தீர்கள், கூட இருந்தவர் எந்த ஊர் என்று கேளுங்கள். கையால் செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் வாய் தானாகத் திறக்கும். மலையிலிருந்து இறங்கும்போது வண்டியில் என்ன வந்தது என்று மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள்.

பேசாமல் இருப்பது நோய் இல்லை. ஆனால் இரவில் அலறி எழுவது, பட்டாசுச் சத்தத்துக்கு உடம்பு நடுங்குவது, குடி கூடுவது என்று ஏதாவது இருந்தால் முன்னாள் ராணுவத்தினருக்கான நாகர்கோவில் இ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போய் மனநல மருத்துவருக்கு ரெஃபரல் வாங்குங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

அவரும் பேரனும் சேர்ந்து போக இடம் வேண்டுமென்றால் தியேட்டர் வேண்டாம், தக்கலைப் பக்கம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்களோடு வந்து பிடிபட்ட டிலனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, 1777-இல் இறந்து அங்கே அடக்கமானவர். கல்லறையில் லத்தீனும் தமிழும் செதுக்கியிருக்கும். எதிரி என்று வந்தவனுக்கும் நம் மண்ணில் கல்லறை இருப்பதைப் பார்த்தால் பையன் ஏதாவது கேட்பான். பதில் சொல்லத் தகுதியானவர் பக்கத்திலேயே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரையும் பஸ் ஏற்றி விடுங்கள். நீங்கள் கூடப் போக வேண்டாம்.