மரவாடியிலிருந்து செனட் வரை: ஃபிலீட்டஸ் சாயர்

மர வியாபாரியாக இருந்து அரசியலுக்குப் போன 19ஆம் நூற்றாண்டு ஆள் ஒருவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஃபிலீட்டஸ் சாயர். எங்கள் குடும்பத்துக்கும் மரவாடிதான் பிழைப்பு என்பதால் இவர் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஆர்வம்.

1816இல் வெர்மான்ட்டில் பிறந்தார். அந்தக் காலத்தில் அங்கே 21 வயதுவரை மகன் சம்பாதிப்பது அப்பாவுக்குச் சேரும். சாயர் 17 வயதிலேயே அப்பாவிடம் 100 டாலர் கொடுத்து, மீதி வருடங்களின் சம்பாத்தியம் தனக்கே என்று வாங்கிக்கொண்டார். மர அறுவை மில்களில் உழைத்துச் சேர்த்த காசோடு 1847இல் விஸ்கான்சின் போனார். கொஞ்ச நாள் விவசாயம் பார்த்தார். அப்புறம் ஆஷ்காஷ் ஊருக்கு வந்து மரத் தொழிலில் இறங்கினார்.

அந்த ஊர்த் தொழிலே தனி. குளிர்காலத்தில் வடக்குக் காடுகளில் பைன் மரத்தை வெட்டி, பனியில் இழுத்து வந்து ஆற்றங்கரையில் அடுக்குவார்கள். பனி உருகியதும் வுல்ஃப் ஆற்றில் தள்ளிவிடுவார்கள். எல்லார் கட்டையும் கலந்து மிதந்து வரும் என்பதால் ஒவ்வொரு முதலாளியும் வெட்டுமுகத்தில் சுத்தியலால் தன் முத்திரையை அடித்து வைத்திருப்பார். கீழே முத்திரை பார்த்துப் பிரித்து, தெப்பம் கட்டி மில்லுக்கு இழுத்துப் போவார்கள். இதில் பெரும் பணம் பார்த்தவர் சாயர்.

மாநிலச் சட்டமன்றம், ஆஷ்காஷ் மேயர், 1865 முதல் பத்து வருடம் பிரதிநிதிகள் சபை (அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை), 1881 முதல் 1893 வரை செனட் (அதன் மேலவை). பேச்சாளர் என்று பெயர் எடுத்தவர் இல்லை. ஆனால் அப்போது செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மக்கள் அல்ல, மாநிலச் சட்டமன்றம். கட்சிக்குப் பணம் போடுகிறவர் கை ஓங்குவதற்குக் கேட்கவா வேண்டும்!

பெயர் கெட்டது 1891இல். மாநிலக் கருவூலப் பணத்தை வங்கியில் போட்டு, வட்டியைத் தாங்களே வைத்துக்கொண்ட முன்னாள் பொருளாளர்கள் மீது அரசு வழக்குப் போட்டது. அவர்கள் பதவியில் இருந்தபோது கையாண்ட அரசுப் பணத்துக்கு ஜாமீன் நின்றவர்களில் சாயரும் ஒருவர். அவர்கள் தோற்றால் பணம் இவர் பையிலிருந்துதான் போகும். வழக்கை விசாரிக்க இருந்த நீதிபதி ராபர்ட் சீபெக்கர், சாயரின் குடியரசுக் கட்சியையே சேர்ந்த இளம் வக்கீல் ராபர்ட் லா ஃபாலெட்டின் சகோதரியை மணந்தவர். அந்த செப்டம்பரில் மில்வாக்கி ஹோட்டல் ஒன்றில் சாயர் லா ஃபாலெட்டைச் சந்தித்தார். நீதிபதியைச் சரிக்கட்ட எனக்கே லஞ்சம் நீட்டினார் என்றார் லா ஃபாலெட். அது வக்கீல் ஃபீஸ், லா ஃபாலெட்டும் நீதிபதியும் உறவு என்பது எனக்குத் தெரியாது என்றார் சாயர்.

லஞ்சம் என்று சாயர் மீது வழக்கு எதுவும் வரவில்லை. சீபெக்கர் விலகிக்கொள்ள, வேறு நீதிபதி விசாரித்து அரசே ஜெயித்தது. சாயர் 1900இல் காலமானார். மறுவருடம் லா ஃபாலெட் மாநில ஆளுநரானார்.

ஃபீஸ் கதையை நான் நம்பவில்லை. லா ஃபாலெட்டும் சீபெக்கரும் ஒன்றாக வக்கீல் தொழில் நடத்தியவர்கள். முப்பது வருடத்துக்கு மேல் அந்த மாநில அரசியலில் ஊறிய மனுஷனுக்கு, யார் யாருக்கு மச்சான் என்பதா தெரியாமல் போகும்?