உவரிக் கரையில் ஒரு கிணற்று உறை

அன்புள்ள ஐயா,

ஆடி மாதம் உவரிக்குத் தெற்கே கடலோரமாக நடந்தேன். அலை அடிக்கும் இடத்தில் ஒரு கிணற்று உறை இடுப்பு உயரத்துக்குத் தனியாக நின்றது. பக்கத்தில் பானை ஓடுகள். கொற்கைக் காலத்து ஊர் ஏதும் கடலுக்குள் போயிருக்குமா? சில ஓடுகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

எஸ்., வள்ளியூர்

அன்புள்ள எஸ்.,

உறை சிமெண்டா, சுட்ட மண்ணா? முதலில் அதைப் பாருங்கள். சிமெண்ட் என்றால் அதில் தண்ணீர் இறைத்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கலாம். எனக்கு அது கொற்கையைவிட முக்கியம். சுற்றியிருந்த மண் போனதால்தான் உறை வெளியே தெரிகிறது. தரைக்கு மேலே கைப்பிடிச் சுவராக விட்டிருப்பார்களே, அந்த உயரத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் அத்தனையும் கடல் கொண்டுபோன நிலம்.

கொற்கையில் நடந்தது நேர் எதிர். தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டி, பாண்டியர் துறைமுகம் இன்று கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது.

ஆனால் ஆடியில் பார்த்ததை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் அலை மணலை அள்ளிக்கொண்டு போகும். காற்று அடங்கினால் கொஞ்சம் திருப்பிப் போடும். அள்ளிய இடத்தில் கருப்பும் சிவப்புமாக வரி விழுந்திருக்கும். லேசான வெள்ளை மணல் போய்விட, கனமான கருப்பு இல்மனைட் தாதுவும் சிவப்புக் கார்னெட் தாதுவும் தங்கிவிடுகின்றன. மாசியில் அதே இடத்துக்குப் போங்கள். அப்போதும் அந்த வரி இருந்தால், மணல்மேட்டு விளிம்பில் அடம்பங்கொடியின் வேர் அந்தரத்தில் தொங்கினால், ராவணன் மீசைப் புல் புதிதாக எங்கும் வேர் பிடிக்காமல் இருந்தால், கரை தேறவில்லை.

அப்புறம், பக்கத்தில் தூண்டில் வளைவு, அதாவது கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் தடுப்பு, இருக்கிறதா? தென்மேற்கிலிருந்து அலை தள்ளிவரும் மணல் கல்லுக்குத் தென்மேற்குப் பக்கம் சேரும். வடகிழக்குப் பக்கம் மணல் வரத்து குறைந்து கரை அரிக்கும். ஒரு ஊரைக் காக்கப் போட்ட கல் அடுத்த ஊரின் மணலைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. கல் கேட்ட ஊரைக் குறை சொல்ல மாட்டேன். வள்ளத்தை ஏற்றிவைக்கக் கரையில்லாதவர்கள் வேறு என்ன கேட்பார்கள்?

ஓடுகளை இனி எடுக்காதீர்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் அலை உருட்டி எங்கிருந்தோ கொண்டுவந்தது. சரிந்த மேட்டின் வெட்டுமுகத்தில் பதிந்திருக்கும் ஓட்டைத்தான் கவனிக்க வேண்டும். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, மேலிருந்து எத்தனை அடி ஆழம் என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பதைப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டலாம். அதற்கு முன் உவரியில் வயதானவர்களிடம் அது யார் வீட்டுக் கிணறு என்று கேளுங்கள். தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.